வீட்டுக்குள் வந்த யானை

மூன்று கல் பொம்மைகள் வாங்கினேன். யானை 1,450 ரூபாய், நீர்யானை 900, ஒட்டகச்சிவிங்கி 1,700. ஆப்பிரிக்கக் கைவினைஞர்கள் கையால் செதுக்கியது, நியாய வணிக முறையில் (அதாவது செய்தவருக்கு நியாயமான விலை கொடுத்து) கொள்முதல் செய்தது என்று போட்டிருந்த ஒரு ஆன்லைன் கடை. ஓசூர் ஆபீசுக்கு ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன்.

பெட்டியைப் பிரித்ததும் அப்பா சொன்னார்: "ராத்திரி பூரா ராகிக் கொல்லையில கண்ணு முழிச்சு வெரட்டிக்கிட்டு இருக்கோம். நீ காசு குடுத்து வீட்டுக்குள்ள கூட்டியாறியா?"

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யானையைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் பரண்மேல் உட்கார்ந்து யானை பார்த்த மனிதர். "முதுகு நடுவுல பள்ளமா இருக்கே. நம்ம யானைக்கு மேடாத்தான இருக்கும்? காது முறமாட்டம் இருக்கு. தும்பிக்கை நுனியில விரலு ரெண்டு."

மூன்றும் சரி. ஆப்பிரிக்க யானைக்கு முதுகு குழிந்துதான் இருக்கும், தும்பிக்கை நுனியில் விரல் மாதிரி இரண்டு நீட்சி இருக்கும். நம் யானைக்கு ஒன்றுதான். உள்ளங்கை அளவு பொம்மையில் அதுவரைக்கும் விடாமல் செதுக்கியிருக்கிறார் அந்த மனிதர். 1,450 அதற்கே தகும்.

அம்மா யானையைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார். நீர்யானையின் அடிவயிற்றில் நகத்தால் ஒரு கீறு. வெள்ளைக் கோடு விழுந்து மாவு உதிர்ந்தது. "இது நம்ம கல்சட்டிக் கல்லுதானே!"

அதேதான், மாக்கல். முகப்பவுடருக்கு அரைக்கிற டால்க் கனிமம்தான் இதில் முக்கியம். மேற்கு கென்யாவில் கிசி என்ற பகுதி, அங்கே தபாகா என்ற ஊரைச் சுற்றித்தான் இந்தக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள். ஈரம் காயாமல் வைத்துக் கத்தியாலேயே செதுக்கிவிடுவார்கள். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கடைசியில் மெழுகு. கிருஷ்ணகிரி கிரானைட்டை வைர பிளேடு போட்டு அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கத்திக்கு வழிவிடுகிற கல் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால் கல் மெத்தென்று இருந்தால் எல்லா மிருகமும் அதில் நிற்காது. ஒட்டகச்சிவிங்கி கழுத்து முறிந்துதான் வந்தது. பெட்டி பிரித்ததை வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்கள், எடுக்கவில்லை. நாலு மெயில் போட்டபிறகு பாதிப் பணம் வந்தது. குறை பேக்கிங்கில் மட்டும் இல்லை. ஒரு சாண் நீளக் கழுத்தை விரல் தடிமனில் மாக்கல்லில் செய்தால் அது என்றைக்காவது ஒருநாள் முறியும். நம் கோயில் நந்தி காலை மடக்கிப் படுத்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம்!

நீர்யானையும் அப்படித்தான். கழுத்தே இல்லை, கால் உடம்போடு ஒட்டியிருக்கிறது, காது இரண்டும் மிளகு மாதிரி. உடைய என்ன இருக்கிறது? இளஞ்சிவப்பும் சந்தன நிறமும் கலந்த கல், இடது விலாவில் ஒரு பழுப்பு நரம்பு. அடியில் மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள், கத்தி போன தடம் வரிவரியாகத் தெரிகிறது. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. கல்சட்டி பழக்குவது மாதிரி அம்மா அதற்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவினார், நிறம் இன்னும் எடுப்பாகிவிட்டது. யானைக்கு அதைச் செய்யாதீர்கள். அதற்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், ஈரத்துணி பட்டாலே துணியில் ஒட்டுகிறது.

ஒரு குறை மனதில் நிற்கிறது. கூட வந்த அட்டையில் 'ஆப்பிரிக்காவில் செய்தது' என்று மட்டும் இருந்தது. 54 நாடு இருக்கிற கண்டம் ஐயா அது! கிசி, தபாகா எல்லாம் நானே தேடிப் படித்தது. நியாய வணிகத்தில், கைவினைஞர் கேட்டால் ஆர்டர் தொகையில் பாதியையாவது வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. உங்கள் கடை தருகிறதா, செதுக்கியவர் பெயர் என்ன என்று மெயிலில் கேட்டேன். 'ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

வாங்குவதானால் நீர்யானை வாங்குங்கள். ஒட்டகச்சிவிங்கி வேண்டுமென்றால் மரத்தில் பாருங்கள்.

யானையைச் சன்னல் திட்டில் கொல்லையைப் பார்த்தபடி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் அது சுவரைப் பார்த்து நின்றது. கேட்டதற்கு அப்பா, "வெளியில பாத்து வெச்சா கூட்டாளியக் கூப்புடும்டா" என்றார்.