காட்டு ஆலிவ் என்று தம்போட்டி மரத்தை விற்கிறார்கள்: கரண்டி செதுக்குவோர் உஷார்!

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கரண்டி, அகப்பை செதுக்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துக் கட்டை வாங்குகிறவர்கள் முக்கியமாக.

காட்டு ஆலிவ் கரண்டிக்கு அருமையான மரம். கனம், நெருக்கமான ரேகை, வழவழப்பு. "காட்டு ஆலிவ், பச்சை மரம், கரண்டி அளவுக்கு வெட்டியது" என்று விளம்பரம் வந்ததும் 650 ரேண்ட் அனுப்பி ஒரு பெட்டி வாங்கினேன்.

கோடாலியால் ஓரத்தைச் சீவியதுமே மிளகுக் காரத்தோடு ஒரு இனிப்பு வாசனை. வைரம், அதாவது மரத்தின் நடுப்பகுதி, கரும்பழுப்பு, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. வெளிமரமோ வெளிர் மஞ்சள். இரண்டும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உப்புத்தாள் போட்டதும் கண் எரிய ஆரம்பித்தது. தூள் பட்ட மணிக்கட்டெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது.

சாட்ஸ்வர்த்தில் மேசை நாற்காலி செய்யும் மாமா ஒருவரிடம் கட்டையைக் கொண்டுபோனேன். முகர்ந்தார், ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் தட்டினார். "பட்டை கட்டம் கட்டமா வெடிச்சிருக்கு பாரு தம்பி. இது தம்போட்டி. இதுல கரண்டியா? சோத்துல வைக்காதே."

தம்போட்டி கள்ளிக் குடும்பம். வெட்டினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தூளும் கண்ணை, தோலைப் பதம் பார்க்கும். அலமாரி, நாற்காலிக்கு விலை உயர்ந்த நல்ல மரம். வாயில் வைக்கிற பொருளுக்கு ஆகாது.

விற்றவரிடம் கேட்டால் முதலில், எந்த மரத்தூளும் எரியத்தான் செய்யும், முகமூடி போடுங்கள் என்றார். பட்டையின் படத்தை அனுப்பினேன். மரம் இயற்கைப் பொருள், நிறம் முன்னே பின்னே இருக்கும் என்றார். நான் கேட்டது நிறத்தைப் பற்றியா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ப்ளாக் செய்துவிட்டார்.

வியாபாரமாக விற்பவரிடம் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால், 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். மசியாவிட்டால் எழுத்தில் கேட்புக் கடிதம் கொடுத்து 14 நாள் பொறுத்து, சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். 20,000 ரேண்ட் வரை அங்கே எடுப்பார்கள், வக்கீல் தேவையில்லை. நான் கடிதம் அனுப்பிவிட்டேன். விளம்பரம், பணம் போன ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். ப்ளாக் ஆவதற்கு முன்பே நீங்களும் எடுத்து வையுங்கள்.

வாங்குமுன் பட்டையோடு ஒரு படம், அறுத்த முகப்பில் ஒரு படம் கேளுங்கள். பட்டையை உரித்துத்தான் தருவேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கு ஒன்று: மிச்சக் கட்டையை வீணாக்குவானேன் என்று கறி வாட்டும் பிராய் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். தம்போட்டிப் புகையில் வாட்டிய கறியைத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்குதான்.