வேனுக்குள் வீட்டு பிரிட்ஜா, 12 வோல்ட் பிரிட்ஜா? கரண்ட் நின்றால் எது கைகொடுக்கும்?

அறுகம்பே சீசன் ஏப்ரல், மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை ஓடும். பழைய ரோசா பஸ்ஸையோ ஹைஏஸ் வேனையோ கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் வைத்துத் தங்கும் வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் அதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டில் கிடக்கிற பிரிட்ஜையே தூக்கி வைக்கலாமா, அல்லது 12 வோல்ட்டில் ஓடுகிற பிரிட்ஜ் வாங்க வேண்டுமா? விலையையும் லீற்றரையும் பார்த்துத்தான் பெரும்பாலானோர் முடிவெடுக்கிறார்கள். நான் வேறு விதமாக ஒப்பிடுகிறேன். பாணமைக்கு அப்பால் ஓரிடத்தில் பிரிட்ஜ் நின்றுபோனால், எதில் பிழையைக் கண்டுபிடிப்பது சுலபம்?

ஏனென்றால் "பிரிட்ஜ் செத்துப்போச்சு" என்று சொல்லப்படுகிற வண்டிகளில் பெரும்பாலும் பிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கும். அதற்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு பிரிட்ஜுக்கு 230 வோல்ட் வேண்டும். விடுதி வளவில் நிறுத்தினால் அங்கிருந்து வயர் இழுக்கலாம். ஓடும்போதும் காட்டோரம் நிற்கும்போதும் பற்றரியின் 12 வோல்ட்டை இன்வேர்ட்டர்தான் 230 ஆக மாற்றிக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச். ஆக பற்றரி, பெரிய பியூஸ், தடித்த கேபிள், இன்வேர்ட்டர், மாற்றுச் சுவிட்ச், பிளக் பொயின்ட் என்று ஒரு நீண்ட வரிசை. 12 வோல்ட் பிரிட்ஜில் பற்றரி, பியூஸ், வயர் முடிந்தால் பிரிட்ஜ். பிழை ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் பாதிதான்.

முதலில் வீட்டு பிரிட்ஜ். கதவைத் திறந்து உள்ளே லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் உடனே பிரிட்ஜை இழுத்துப் பின்பக்கத்தைக் கழற்றத் தொடங்காதீர்கள். அதே பிளக் பொயின்ட்டில் போன் சார்ஜரைக் குத்துங்கள். சார்ஜர் வேலை செய்தால் பிழை பிரிட்ஜில், அல்லது அதன் பிளக்கில். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடிய வண்டியில் பிளக் தானாகக் கழன்று கிடப்பது சாதாரணம். சார்ஜரும் வேலை செய்யாவிட்டால் பின்னோக்கிப் போக வேண்டும். ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா, இன்வேர்ட்டரை யாராவது நிறுத்திவிட்டார்களா, அதில் சிவப்பு லைட் எரிகிறதா? விடுதிக் கரண்ட்டில் ஓடி, பற்றரியில் ஓடாவிட்டால் பிழை இன்வேர்ட்டர் பக்கம். மறுதலையாக இருந்தால் வெளி வயரும் மாற்றுச் சுவிட்சும்தான் சந்தேகத்துக்குரியவை. இந்த 230 வோல்ட் பக்கத்தில் எதைத் திறப்பதாக இருந்தாலும் இன்வேர்ட்டரை நிறுத்தி, வெளி வயரையும் பிடுங்கிய பிறகுதான்.

ஆளை அலைக்கழிப்பது இன்னொரு வகைப் பிழை. லைட் எரியும். மோட்டர் எடுக்கப் பார்க்கும், 'டிக்' என்று ஒரு சத்தம், இன்வேர்ட்டர் கத்தும், எல்லாம் அணையும். சில நிமிடங்களில் திரும்பவும் அதே கூத்து. இதைப் பார்த்தவுடன் கொம்பிரசர் போய்விட்டது என்று முடிவுகட்டி, மோட்டரை எடுக்க வைக்கும் ரிலேயை மாற்றுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஓடும்போது 120 வாட் எடுக்கிற பழைய வகை மோட்டர், எடுக்கும் அந்தக் கணத்தில் அதைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு கேட்கும். 1000 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட் பக்கத்தில் அது ஏறக்குறைய 90 அம்பியர். கேபிளிலும் முனைகளிலும் சேர்த்து 0.02 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பற்றரியில் 12.4 இருக்க, இன்வேர்ட்டரின் வாசலில் 10.6. பல இன்வேர்ட்டர்கள் 10.5 அளவில் தங்களை நிறுத்திக்கொள்ளும்; பற்றரியும் கொஞ்சம் இறங்கினால் கதை முடிந்தது.

ஆகவே மீற்றரை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்: பற்றரி முனையில் ஒன்று, இன்வேர்ட்டர் முனையில் ஒன்று. அதுவும் மோட்டர் எடுக்கும் நேரத்தில். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பற்றரி களைத்துவிட்டது. இன்வேர்ட்டர் பக்கம் மட்டும் இறங்கினால் கேபிள் மெலிது, அல்லது முனையில் பச்சை பூத்திருக்கிறது. கடலோரத்தில் நிற்கிற வண்டியில் செம்பு முனைகள் பச்சை பூப்பதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. அக்கரைப்பற்றில் வாகன வயரிங் செய்யும் ஒரு காக்கா மீற்றரே எடுக்க மாட்டார். "தம்பி, பிரிட்ஜ இழுக்காதீங்க. அந்தப் பெரிய வயர்ர முனையத் தொட்டுப் பாருங்க, சுடுதா?" என்பார். பிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு 12 வோல்ட் கேபிளின் ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் பிழை அங்கேதான்.

மலிவான இன்வேர்ட்டர்கள் இன்னொரு தொல்லை. வீட்டுக் கரண்ட் மாதிரிச் சுத்தமான சைன் அலை கொடுக்காத இன்வேர்ட்டரில் மோட்டர் உறுமும், அளவுக்கு மேல் சூடாகும். டிஜிற்றல் போர்ட் உள்ள பிரிட்ஜ் சில வேளை எழும்பவே எழும்பாது. வீட்டு பிரிட்ஜ்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மெதுவாக வேகமெடுக்கிற புது வகைக் கொம்பிரசர் உள்ளதாக வாங்கினால் அந்த 90 அம்பியர் தலையிடி பெரும்பாலும் இல்லை. பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் காலநிலை வகுப்பு 'டீ' (T) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது 43 பாகை வரைக்குமானது. 'என்' (N) என்றால் 32 பாகையோடு சரி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் பூட்டி நிற்கிற வேனுக்கு 32 எந்த மூலைக்கு?

விடுதி வயரில் நிற்கும்போதும் ஒரு கண் வேண்டும். நீளமான மெல்லிய வயர் ரோலில் இழுத்தால், மாலையில் எல்லோரும் லைட் போடும் நேரத்துக்கு வோல்ட் இறங்கி, மோட்டர் முனகிக்கொண்டே நிற்கும். நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். உள்ளே வாயு அழுத்தம் சமநிலைக்கு வர அவ்வளவு நேரம் தேவை.

அப்புறம் 12 வோல்ட் பிரிட்ஜ். இதன் பிழைகள் குறைவு, ஆனால் வேறு மாதிரியானவை. டான்ஃபொஸ் அல்லது செக்கொப் வகைக் கொம்பிரசர் உள்ளவற்றில் சாதாரண அமைப்பு இப்படி: 10.4 வோல்ட்டில் நிற்கும், 11.7 வரை ஏறினால்தான் மறுபடி ஓடும். பற்றரியில் 11.2 காட்டுகிறதே, ஏன் ஓடவில்லை என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறு லைட் பூட்டியிருந்தால் அதுவே பதில் சொல்லும். ஒருமுறை மின்னினால் வோல்ட் குறைவு, இரண்டு என்றால் விசிறி, மூன்று என்றால் மோட்டர் எடுக்கவில்லை, ஐந்து என்றால் சூடு. வீட்டு பிரிட்ஜ் இப்படி வாய் திறக்காது. இதன் பலவீனம் சிகரெட் லைட்டர் பிளக். குலுங்கிக் குலுங்கி இளகும், சூடாகும். அதை வெட்டி எறிந்துவிட்டு, பற்றரியிலிருந்து பியூஸ் வைத்து நேராக வயர் கொடுப்பது நல்லது. எடுப்பது நாலைந்து அம்பியர்தான், 6 சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம்.

செலவைக் கரண்ட் பில் யூனிட்டிலேயே பார்க்கலாம். 200 லீற்றர் அளவான வீட்டு பிரிட்ஜ் நம் வெக்கைக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட் அளவு இழுக்கும். இன்வேர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 20 வாட் எடுத்தால் அது நாளுக்கு அரை யூனிட். 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியைப் பழுதாக்காமல் எடுக்கக்கூடியது பாதிதான், 0.6 யூனிட். பின்னேரம் நிறுத்தினால் விடியற்காலைக்குள் முடிந்துவிடும். 50 லீற்றர் 12 வோல்ட் பிரிட்ஜ் அதே பற்றரியில் ஒரு நாள் முழுக்க ஓடும். 200 லீற்றரையும் 50 லீற்றரையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் வேனில் நாலு பேருக்கு 200 லீற்றர் எதற்கு?

லிதியம் பற்றரி என்றால் ஒரு குறிப்பு. அது கடைசிவரை 13 வோல்ட் பக்கமே காட்டிக்கொண்டிருந்து, திடீரென்று காவல் சுற்று துண்டித்து, சுழியம் காட்டும். பற்றரி செத்ததாக நினைக்க வேண்டாம். சார்ஜ் கொடுத்தால் பெரும்பாலும் எழும்பும்.

காஸில் ஓடும் பிரிட்ஜை நான் கணக்கில் எடுப்பதில்லை. அமோனியாவைச் சூடாக்கிக் குளிரூட்டும் முறை அது. சத்தமே இல்லை, பற்றரியும் அதிகம் தேவையில்லை. ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், வெளிக்காற்றுப் போக்குவரத்து வேண்டும், நம் வெக்கையில் திணறும், ஓடும் வண்டிக்குள் நெருப்பு எரியக் கூடாது. மீன் மட்டும்தான் பிரச்சினை என்றால் வாழைச்சேனையிலோ கல்முனையிலோ ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் போட்டுவிடலாம். பிரிட்ஜ் நின்ற பிறகும் கதவைத் திறக்காமல் விட்டால் உள்ளே இருப்பது நாலு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. மூடிய வேனில் அதையும் குறைத்தே எண்ணுங்கள்.

வீட்டு பிரிட்ஜுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். ரிலே, தேர்மோஸ்டாட் எல்லாம் மட்டக்களப்பு ரவுனிலோ கல்முனையிலோ அன்றே கிடைக்கும், மாற்றவும் ஆள் உண்டு. 12 வோல்ட் பிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் போர்ட் போனால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும்வரை ஐஸ் பெட்டிதான்.

பாசிக்குடாவில் இரண்டு நாள், விடுதிக் கரண்ட்டோடு என்றால் வீட்டு பிரிட்ஜ் போதும். ஒகந்தை, குமனை என்று கரண்ட் இல்லாத பக்கம் போகிறவர்களுக்கு 12 வோல்ட். ஏற்கெனவே வீட்டு பிரிட்ஜ் பூட்டியிருப்பவர்கள் அதை விற்க அவசரப்பட வேண்டாம். முதலில் பற்றரியை இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, 35 சதுர மில்லிமீற்றர் கேபிளைப் போட்டு, முனைகளைச் சுத்தமாக அழுத்திப் பூட்டுங்கள். போக இரண்டு மீற்றர், வர இரண்டு மீற்றர் என்றால் 90 அம்பியரிலும் கேபிளில் விழுவது 0.2 வோல்ட்தான். அதற்குப் பிறகும் பற்றரி முனையிலேயே வோல்ட் சரிகிறது என்றால், இரண்டாவது பற்றரிக்குப் போடவிருந்த காசை 12 வோல்ட் பிரிட்ஜுக்குப் போடுங்கள்.