நாள் கட்டணச் செயலி: ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு மதிப்பீடு

சென்னையில் ஆட்டோ ஓட்டும் நான், சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்கும் செயலியை விட்டு, நாளொன்றுக்கு ஒரு தொகை கட்டினால் போதும் என்னும் செயலிக்கு மாறிச் சில மாதங்களாகின்றன. பயணி தரும் பணம் முழுவதும் நேரே கைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இதைப் பாராட்டலாம். ஆனால், ஒரே ஒரு சவாரியோடு வண்டி பழுதாகி நின்றாலும் அன்றைய தொகை முழுதாகக் கழிந்துவிடும்.

பெரிய குறை, பயணியை ஏற்றப் போகும் தூரம்தான். திரையில் இரண்டு கிலோமீட்டர் என்று காட்டுவது, ஒருவழிப்பாதையையும் மெட்ரோ பணிக்காக அடைத்த சாலையையும் சுற்றிப் போகும்போது இரட்டிப்பாகிறது. அந்தக் காலி ஓட்டத்துக்குக் காசில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் பயணியின் இருப்பிடக் குறி ஜிஎஸ்டி சாலையின் மறுபக்கம் விழுவதும், "அண்ணா, எங்க நிக்கிறீங்க?" என்று அவரும் "எந்த கேட்டுன்னு சொல்லுங்க மேடம்" என்று நானும் மாறி மாறிப் பேசுவதும் வாடிக்கை.

2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இன்றைய விலைவாசியில் அது கட்டுப்படியாகாது என்பது ஊரறிந்த சேதி. செயலி காட்டுவது அதைவிடக் கூடுதல்தான். ஆயினும், நெரிசல் நேரத்தில் மேலே 20 ரூபாய் சேர்க்கும்படி பயணியிடம் செயலியே கேட்டுவிட்டு, பேரம் பேசும் பழியை மட்டும் எங்கள் தலையில் கட்டுகிறது.

சொந்த வண்டிக்காரர்கள் தாராளமாகச் சேரலாம். வாடகை வண்டி ஓட்டுபவர்கள், முதலாளிக்குக் கட்டும் தொகையோடு இதையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யவும்.