லூப் ஆண்டெனாவும் எதிர்வீட்டு ஃபேனும்: இரண்டு வருடக் கதை

போன வாரம் காலை நெட்டில், அதாவது ஹாம் என்கிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் நாங்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரத்தில், ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, அந்த லூப்பை இன்னும் வச்சிருக்கீங்களா? நானும் ஒண்ணு வாங்கலாமா?" அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு முறை வராது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். லூப்பின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ரிப்பேர் முடிந்து மாடி ஏறி மூன்று நாள்தான் ஆகிறது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் படிக்கவும்.

என்னுடையது ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையம், கேட்பதற்கு மட்டும். அனுப்புவதற்குப் பழைய இன்வெர்ட்டட் வீ (தலைகீழ் V போல இழுத்துக் கட்டிய கம்பி ஆண்டெனா) இருக்கிறது. ஏசி மெக்கானிக்கிடம் பத்தடி காப்பர் பைப் வாங்கி நானே வளைத்துக்கொண்டேன்; ஆம்ப்ளிஃபயர் மட்டும் கடைச் சரக்கு. கும்பகோணத்தில் மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில் நிற்கிறது. லூப்புக்கு அதற்கு மேல் உயரம் தேவையில்லை. முதல் சந்தோஷம் அதுதான்.

முதல் ராத்திரி 80 மீட்டர் பேண்டில், அதாவது அந்த அலைநீளத்துக்கான சிற்றலை வரிசையில், போட்டதும் மனசு விட்டுப்போனது. இன்வெர்ட்டட் வீயில் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் 9-ஐத் தொடும் நிலையங்கள் லூப்பில் 4, 5 என்று படுத்துக் கிடந்தன. காசு தண்டம் என்று நினைத்துக்கொண்டே வால்யூமை ஏற்றினேன். அப்போதுதான் உறைத்தது, பின்னால் இருந்த இரைச்சல் 8-லிருந்து 1-க்கு இறங்கியிருந்தது. புதிதாக வைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் பயந்துபோவார்கள். மீட்டரைப் பார்க்காதே தம்பி. சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று காதால் அளந்து பார்.

ஆனால் திருப்பினால் எந்த மாற்றமும் இல்லை. லூப் என்றாலே திருப்புவதற்குத்தானே? சிலோன் ரேடியோ கேட்க டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்த தலைமுறைக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். ஒரு கோணத்தில் நிலையம் காணாமல் போகும். அந்தக் காது அடைத்த திசையைத்தான் நாங்கள் நல் என்போம். வளையத்தின் விளிம்பு பார்க்கும் பக்கம் நன்றாகக் கேட்கும். தட்டையான முகம் பார்க்கும் பக்கம் செவிடு. என் லூப்போ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. ஒரு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. லூப்பையும் ரிசீவரையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளி உலோக உறையே ஆண்டெனாவாகி, வீட்டு வயரிங்கின் இரைச்சலை எல்லாம் மாடிக்குச் சுமந்துகொண்டிருந்தது. அதை மறிக்க 31 ரக ஃபெரைட் என்னும் காந்தப்பொருள் வளையத்தில் கேபிளைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி இரண்டு முனையிலும் வைத்தேன். கூடவே 12 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்த எஸ்எம்பிஎஸ் என்கிற, இரைச்சல் கிளப்பும் ஸ்விட்சிங் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளைக்கு மாறினேன்.

மறுநாள் பகலில் திருச்சி வானொலியை வைத்துச் சோதித்தேன். 936 கிலோஹெர்ட்ஸ், இங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். பகலில் தரையை ஒட்டி வரும் அலை என்பதால் சோதனைக்கு இதைவிடத் தோது எதுவும் இல்லை. கம்பத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். குரல் மெலிந்து, மெலிந்து, கிணற்றுக்குள் போய், ஒரு இடத்தில் சட்டென்று மூச்சு நின்றது. இரண்டு விரல்கடை தாண்டியதும் திரும்ப வந்தது. அன்றைக்கு மட்டும் பத்துத் தடவையாவது திருச்சியை அமுக்கி எழுப்பியிருப்பேன். கீழே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற மகன், "போதும்பா" என்றான்.

இனி எரிச்சல்.

எதிர்வீட்டு மாமா இன்வர்ட்டரோடு பிஎல்டிசி ஃபேனும் (மின்னணுச் சுற்றால் ஓடும் ரகம்) மாட்டியிருக்கிறார். கரண்ட் மிச்சம், ரிமோட் வசதி எல்லாம் சரி. கரண்ட் போனால் தெரு முழுக்க எல்இடி, சார்ஜர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் வாயை மூடும், பேண்ட் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும். ஊரில் மின்வெட்டுக்குச் சந்தோஷப்படும் ஒரே சாதி ஹாம்தான். அந்த நேரத்திலும் ஒரு ரீங்காரம் மட்டும் விடாமல் தனி ஆவர்த்தனம் வாசித்தது. பாக்கெட் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போனேன், அவர் படுக்கையறை ஜன்னலில் கொண்டுபோய் நிறுத்தியது. நல்ல மனுஷன், விஷயத்தைச் சொன்னதும் ஃபேனை அணைத்துக் காட்டினார். ரீங்காரம் நின்றது. ஃபெரைட் கிளிப் மாட்டவும் சம்மதித்தார். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு 80 மீட்டர் போன்ற தாழ்ந்த பேண்டுகள் விழிக்கிற நேரத்தில்தான் அவரும் ஃபேனைப் போட்டுப் படுக்கிறார். தூங்காதீர்கள் என்றா சொல்ல முடியும்?

சரி, நல்லை அந்த ஜன்னல் பக்கம் வைத்தால் தீர்ந்தது என்று திருப்பினேன். இரைச்சல் நன்றாகவே இறங்கியது. அத்தனை பக்கத்தில் இருப்பதாலும் பாதி இரைச்சல் ஈபி கம்பி வழியாக வருவதாலும் திருச்சி போல மூச்சு நிற்கவில்லை, ஆனால் தாராளமாகப் போதும். அப்புறம் காம்பஸை எடுத்துப் பார்த்தேன். அவர் ஜன்னல் இருப்பது வடமேற்கே, ஏறக்குறைய 320 பாகையில். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற திசையும் அதே 320. நல்லுக்கு முதுகுப் பக்கமும் உண்டு இல்லையா, அது 140. அந்தப் பக்கம் யார் என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவின் பெர்த்! ஒரு ஃபேனை அமுக்கப் போய் இரண்டு கண்டத்தை அமுக்கியிருக்கிறேன். சுத்தமாகக் காணாமல் போகாது, வான்வழி வரும் அலைக்கு நல் அவ்வளவு ஆழம் கிடையாது. ஆனாலும் பலவீனமான நிலையங்கள் முனகலாகிவிடும்.

நியாயமாகச் சொன்னால் அதே கோணத்தில் ஜப்பான் 55 பாகையில் நேராக வாய்க்குள் விழுகிறது. இரண்டு வருடத்தில் 80 மீட்டரில் ஜப்பானியர்களை இவ்வளவு தெளிவாகக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. பெங்களூருவும் அதே வடமேற்குதான், ஆனால் முந்நூறு கிலோமீட்டர்தான் என்பதால் அலை உச்சி வானத்திலிருந்து இறங்குகிறது; நல் அதைத் தொடுவதே இல்லை. நெட்டில் பெங்களூர்க்காரர்கள் பக்கத்து அறையில் பேசுவது போல வருகிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்து இடி இரைச்சலுக்கு மட்டும் இதை நம்பாதே. அப்போது கேபிளைக் கழற்றிவைப்பதுதான் மரியாதை.

ரிப்பேர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பும் நேரத்தில் லூப்பைத் துண்டிக்க ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உண்டு. இன்வெர்ட்டட் வீ பன்னிரண்டு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. 100 வாட் அத்தனை பக்கத்தில் கிளம்பினால் ஆம்ப்ளிஃபயர் தாங்காது. மழைத்தண்ணீர் வடிய அடியில் விட்ட ஓட்டை வழியாகப் பிள்ளையார் எறும்புகள் குடியேறி, ரிலேயின் தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிச் செத்திருந்தன. ரிலே வேலை செய்யவில்லை, நான் பட்டனை அமுக்கினேன், டிரான்சிஸ்டர் போனது. இது இரண்டாவது முறை. விற்றவரிடம் கேட்டால் எறும்புக்கு வாரண்டி இல்லையாம். இப்போது ஓட்டையில் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.

ஆகவே தம்பி, வாங்காதே. அந்தக் காசுக்கு எதிர்வீட்டு மாமாவுக்கு நாலு சாதா ஃபேன் வாங்கித் தரலாம், ஐரோப்பாவும் பெர்த்தும் இலவசம். மார்கழியில் அதுவும் வேண்டாம். குளிருக்கு அவரே ஃபேன் போடுவதில்லை, 80 மீட்டருக்கு நல்ல பருவமும் அதுதான்.

என்னுடையதை விற்பாயா என்று கேட்காதே. மாடிக் கைப்பிடிச் சுவரில் சிவப்பு நெயில் பாலிஷால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், ஒன்று 'ஜப்பான்', ஒன்று 'ஐரோப்பா'. மாமா காலை 5.15-க்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறார். நேற்று அவர் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடி, ஈரத் துணியை ஒதுக்கிவிட்டு, கம்பத்தை இரண்டாவது கோட்டுக்குத் திருப்பினேன். கீழே வந்தபோது ஒரு இத்தாலிக்காரர் மோர்ஸில் நிதானமாக அழைத்துக்கொண்டிருந்தார். விடிய இன்னும் அரை மணி இருந்தது.