ரைக்ஸ்மியூசியத்துக்கு இரண்டு வாசல்

சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவர் வெறிச்சென்று கிடந்தது. அங்கே பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தை மாட்டலாம் என்று சொன்னது மனைவி. படத்தைத் தேடி எடுத்து, அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொண்டுவருவது என் பொறுப்பு. ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு மாதம் இழுத்தது. அந்த ஓவியம் இருக்கும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்துக்குள் இணையத்திலேயே சுற்றித் திரிந்ததில் பாதி நாள் போனது. மீதிப் பாதி, என் வேலைக்குப் பொருந்தாத வாசல் வழியாக உள்ளே நுழைந்ததில் போனது.

வாசல்கள் இரண்டு. ஒன்று, பல அருங்காட்சியகங்களின் படைப்புகளைக் காட்டும் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளம். 2011 பிப்ரவரியில் ஆர்ட் ப்ராஜெக்ட் என்ற பெயரில் 17 அருங்காட்சியகங்களோடு ஆரம்பித்தார்கள். அந்த முதல் பந்தியிலேயே ரைக்ஸ்மியூசியத்துக்கு இலை போட்டாயிற்று. இன்னொன்று அருங்காட்சியகத்தின் சொந்தத் தளம். 2003 முதல் 2013 வரை பத்து வருஷம் கட்டடத்தின் பெரும்பகுதி புதுப்பிப்புக்காகப் பூட்டிக் கிடந்தது. கட்டடம் திறப்பதற்கு முந்தைய வருஷம், 2012-இல், ரைக்ஸ்ஸ்டூடியோ என்று இணையத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு உள்ளே ஒன்றேகால் லட்சம் படைப்புகள். இன்றைக்கு ஏழு லட்சத்துக்கும் மேல்.

இரண்டும் இலவசம். இரண்டிலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பிடித்ததைச் சேர்த்து வைக்கலாம், போனிலும் பார்க்கலாம். இந்த மாதிரி விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் சொந்தத் தளத்தின் கட்சி. ஆனால் கூகுளுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகிறேன்.

சும்மா நடந்து பார்க்க வேண்டும் என்றால் கூகுள்தான். தெருக்களைக் காட்டும் அதே ஸ்ட்ரீட் வியூவை அருங்காட்சியகத்தின் உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். நீளமான பெருங்கூடம், இரண்டு பக்கமும் சிறு அறைகள், கோடியில் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெரிய ஓவியம் 'இரவுக் காவல்'. கொடிமரத்தடியில் நின்று கருவறையைப் பார்ப்பது போல இருக்கும். கட்டடத்தை வடிவமைத்தவர் பியர் கைபர்ஸ். 1885-இல் திறந்தபோது, இதென்ன அருங்காட்சியகமா மடாலயமா என்று அங்கேயும் முணுமுணுத்தார்களாம். அந்தப் பேச்சு ஏன் வந்தது என்பது இந்த நடையில் புரிந்துவிடும். ஓவியங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் புரியாது.

கூகுளின் இன்னொரு பலம், ஒரே கூரையின் கீழ் பல ஊர் அருங்காட்சியகங்கள். வெர்மீர் வரைந்ததே கொஞ்சம். அதுவும் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. ரைக்ஸ்மியூசியத்தில் நாலுதான் இருக்கின்றன. வெர்மீரின் இன்னொரு ஓவியமான முத்துக்காதணிப் பெண்ணைத் தேடி இங்கே வந்து ஏமாறுகிறவர்கள் பலர்; அவள் இருப்பது ஹேக் நகரின் மௌரிட்ஷாய்ஸ் அருங்காட்சியகத்தில். 2018-இல் கூகுள், அந்த மௌரிட்ஷாய்ஸோடு சேர்ந்து 7 நாடுகளின் 18 இடங்களில் இருந்து 36 வெர்மீர் ஓவியங்களைப் போனுக்குள் ஒரு கற்பனைக் கூடமாக்கியது. 1990-இல் பாஸ்டனில் திருட்டுப்போய் இன்றுவரை கிடைக்காத 'இசைக் கச்சேரி' ஓவியமும் அதில் உண்டு. 2023-இல் ரைக்ஸ்மியூசியமே நேரில் நடத்திய மாபெரும் வெர்மீர் கண்காட்சியில் திரட்ட முடிந்தது 28-தான். போனை மேசைமேல் பிடித்தால் கூடமே பொம்மை வீடு மாதிரி மேசையில் உட்காருகிறது. என் பழைய போன் அதற்குத் திணறியது. புதுப் போனில் எப்படியோ. கண்ணை மூடும் விஆர் கருவி மாட்டிப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

சரி, இப்போது அச்சுக்கு வருகிறேன். என் முடிவு திரும்பியது அங்கேதான்.

முதலில் கூகுள் பக்கத்தில் படத்தைத் திறந்தேன். துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வழி இல்லை. கூகுள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. படங்களின் உரிமை கொடுத்த அருங்காட்சியகங்களிடம் இருக்கிறது, காட்டுவது மட்டும்தான் கூகுளின் வேலை. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் செய்தது, திரை நிறையப் படத்தை வைத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அச்சுக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி கணினியில் திறந்து பார்த்துவிட்டு, "இது நெட்ல புடிச்சதுங்களா? ஒரிஜினல் ஃபைல் இருந்தா கொண்டாங்க" என்றார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். போட்டார். வந்தது ஒரு மங்கல் மூட்டை. ரொட்டி எது, கூடை எது என்று தெரியவில்லை.

கணக்கு எளிது. ஓவியத்தின் உண்மையான அளவு 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், சுவரில் சின்னதுதான். அதே அளவில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால், உயரத்தில் மட்டும் 5,300-க்கு மேல் புள்ளிகள் தேவை. என் மடிக்கணினித் திரையின் உயரமே 1,080 புள்ளிதான். அங்குலத்துக்கு 60 புள்ளிதான் தேறும். திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கையில் கிடைப்பது அந்தத் திரை அளவுதான்.

அப்புறம்தான் சொந்தத் தளத்துக்குப் போனேன். படத்தின் கீழே இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன், வந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, காசு கட்டவில்லை, 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற மிரட்டலும் இல்லை. வெர்மீர் செத்தது 1675-இல். ஓவியத்துக்குக் காப்புரிமை கிடையாது. அதைப் படமெடுத்த உரிமை எங்களுடையது என்று அருங்காட்சியகம் பிடித்து வைத்திருக்கலாம், பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். இவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சட்டை போடலாம், புத்தக அட்டை போடலாம், விற்கவும் விற்கலாம்.

ஏன் இந்தத் தாராளம் என்று தேடியபோது கிடைத்த கதை இந்தப் படத்தையே பற்றியது. இணையத்தில் பால் ஊற்றும் பெண்ணின் பிரதிகள் பத்தாயிரத்துக்கு மேல் உலவிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் மஞ்சளடித்த மட்டமான நகல்கள். அதையே பார்த்துப் பழகியவர்கள் அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் அச்சிட்ட அஞ்சலட்டையைப் பார்த்து, இது அசல் போல இல்லையே என்று சந்தேகப்பட்டார்களாம். ஐரோப்பாவின் பண்பாட்டுத் தரவு வட்டாரத்தில் 2011 முதல் இதற்கு 'மஞ்சள் பால்காரிப் பிரச்சினை' என்றே பெயர். கெட்ட நகலை விரட்ட ஒரே வழி நல்ல நகலை இலவசமாக ஊருக்குள் விடுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்போது சேகரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், இப்போதைய இயக்குநர் டாகோ டிபிட்ஸ். கழிப்பறைத் தாளில் வெர்மீரைப் போட வேண்டுமென்றாலும் மோசமான நகலைவிட நல்ல தரமான படத்தையே போடட்டும் என்ற பொருளில் 2013-இல் பேசியிருக்கிறார்.

(ஆங்கிலப் பெயரைப் பார்த்துத்தான் பால்காரி என்கிறோம். அவள் மாடு கறக்கிறவள் அல்ல. சமையலறை வேலை செய்கிற பெண்.)

இரண்டாவது அச்சு எடுத்தபோது கடைத் தம்பியே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொட்டியின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், எள் தூவியது போல. சுவரில் ஒரு ஆணி, அதற்கு ஒரு நிழல். பக்கத்தில் பழைய ஆணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள். முன்கை வெயிலும் வேலையும் பட்டுச் சிவந்திருக்க, சட்டைக்கையைச் சுருட்டிய இடத்துக்கு மேலே தோல் வெளுப்பாக இருக்கிறது. முதல் அச்சில் இதில் ஒன்றுகூட இல்லை. வீட்டில் மாட்டியதும் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொட்டியப் போட்டுப் பால்ல காச்சப் போறாளா?" என்றார். அறிஞர்களில் சிலரும் அதையேதான் சொல்கிறார்கள், காய்ந்த ரொட்டியில் செய்யும் களி மாதிரி ஒன்று என்று. அம்மா எந்த விளக்கத்தையும் படித்தவர் அல்ல.

எல்லாவற்றையும் இப்படி வீட்டுக்கு எடுத்துவர முடியும் என்று நினைக்க வேண்டாம். 'இரவுக் காவல்' ஓவியத்தை 8,439 துண்டுகளாகப் படமெடுத்து ஒட்டி, 2022 ஜனவரியில் 717 கிகாபிக்சல் (ஒரு கிகாபிக்சல் என்றால் நூறு கோடிப் புள்ளி) படமாக வெளியிட்டார்கள். ஒரு புள்ளி ஓவியத்தில் 5 மைக்ரான். தலைமுடியின் குறுக்கே பத்துப் புள்ளி வைக்கலாம். அதைச் சொந்தத் தளத்தில் பார்க்கத்தான் முடியும். இறக்கி வைக்க நம் வீட்டில் இடமும் இல்லை. நான் ஒரு மாலை முழுக்க அந்தக் காவல் படைத் தலைவனின் கண்ணுக்குள்ளேயே கிடந்தேன். வெடித்த வண்ணத்தின் கோடுகள், ஏரி வற்றிய களிமண் மாதிரி.

சொந்தத் தளத்தின் அடுத்த பலம் ஆழம். கட்டடத்தில் 80 அறைகளில் வைத்திருப்பது சுமார் 8,000 பொருள்கள். மொத்தச் சேகரிப்போ பத்து லட்சம். மீதியெல்லாம் கிடங்கில். குறிப்பாகத் தாளில் வரைந்தவையும் அச்சுப் படங்களும் வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் அதிக நாள் சுவரில் வைக்கமாட்டார்கள். விமானம் ஏறிப் போனாலும் கண்ணில் படாதவை அவை. கூகுள் பக்கத்தில் இருப்பது இந்தக் குவியலில் ஒரு பகுதிதான்.

அந்தக் குவியலில் நம்முடையதும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர், 153 செ.மீ. உயரம், 300 கிலோ எடை. ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் 1935-இல் பாரிஸ் வியாபாரி சி. டி. லூவிடம் வாங்கி, அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது. எந்தக் கோயிலின் உற்சவர் என்ற கேள்வி எனக்குள் இன்னும் அரிக்கிறது. சிலையை லாரியோடு சேர்த்து, சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் எக்ஸ்-ரேயில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்: திருவாசி, முயலகன் உட்பட உள்ளே பொள்ளல் இல்லாத கனமான வார்ப்பு. நம் ஊர் ஸ்தபதியிடம் கேட்டிருந்தால் தட்டிப் பார்த்தே சொல்லியிருப்பார் என்று தோன்றியது. ஆனால் அது என் ஊர்ப் பெருமை பேசுவது.

குறைகளும் சொல்ல வேண்டும். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் சொந்தத் தளத்துக்குள் போனால், ஜவுளிக்கடையில் எல்லாத் துணியையும் ஒரே நேரத்தில் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். கூகுள் கையைப் பிடித்துக் கதை சொல்லும். இங்கே பெரும்பாலும் நாம்தான் தேட வேண்டும். அதிலும் மொழிச் சிக்கல் ஒன்று: பல சிறு பொருள்களுக்குக் குறிப்பு டச்சில் மட்டும்தான். ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சி என்று தேடிக் கிடைப்பதைவிட 'ஃப்லிண்டர்' என்ற டச்சுச் சொல்லுக்கு எனக்கு அதிகம் கிடைத்தது.

கண்காட்சிகளைப் பொறுத்தவரை என் அனுபவம் ஒன்றோடு சரி. 2023-இல் பிப்ரவரி 10 முதல் ஜூன் 4 வரை நடந்த வெர்மீர் கண்காட்சிக்குச் சீட்டு சில நாளிலேயே தீர்ந்துபோனது. ஆறரை லட்சம் பேர் பார்த்தார்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்காக நடிகர் ஸ்டீவன் ஃப்ரையின் குரலில் ஓர் இணைய உலா வைத்திருந்தார்கள். ஓவியத்துக்குள் மெல்ல இறங்கிக்கொண்டே பேசுவார். நான் பார்த்ததில் கூகுளின் கதைகளைவிட அது ஒரு படி மேல். ஆனால் ஒன்றை வைத்து எல்லாக் கண்காட்சிக்கும் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆக, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊர் சுற்ற, பல அருங்காட்சியகங்களைச் சேர்த்துப் பார்க்க கூகுள். படம் உங்கள் கையில் வேண்டும் என்றால் சொந்தத் தளம். கூகுளில் சுற்றிப் படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இறக்குவதும் ஒரு வழி. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்ததாக எடுத்து வைத்திருப்பது ஓவியம் அல்ல, துணி. 'சிட்ஸ்' என்று டச்சில் தேடினால் சோழமண்டலக் கரையில் இருந்து டச்சுக்காரர்கள் கப்பலேற்றிய பூப்போட்ட பருத்தித் துணிகள் வரிசையாக வரும். நம் பாட்டிகள் சீட்டி என்று சொன்ன அதே சொல். கடைத் தம்பி, தாளில் வேண்டாம், துணியிலேயே அடித்துத் தருகிறேன் என்கிறார். மீட்டருக்கு என்ன விலை என்று இன்னும் கேட்கவில்லை.