3 நாள் தியானம், தட்டு கழுவ வெச்சுட்டாங்க

பூண்டி மாதா கோயிலுக்குப் போற வழியில இருக்க ஒரு தியான இல்லத்துல 3 நாள் தங்குனேன். தாழ்ச்சி பத்தி பிரசங்கம்னா தூக்கம் வரும்னு நெனச்சேன், ஆனா ஃபாதர் நாமான் கதைய எடுத்தாரு பாருங்க, பைபிள்ல 2 அரசர்கள் 5-ம் அதிகாரம், தொழுநோய் வந்த படைத்தலைவன், குணமாக யோர்தான் ஆத்துல 7 தடவ முங்குன்னு இறைவாக்கினர் எலிசா சொல்லி அனுப்புனதும் எங்க ஊரு அபானா, பர்பார் ஆறுலாம் இத விட மட்டமான்னு கோவிச்சுக்கிட்டு கெளம்புறான், காவிரிக்காரன வாய்க்கால்ல குளின்னு சொன்னா வருமே அந்த கோவம்! வேலைக்காரங்க சொல்லித்தான் எறங்குனான், குணமானான்.

மத்தியானம் எல்லார் தட்டையும் கழுவுற முறை எனக்கு. பாடகர் குழு லீடர், நானான்னு மூஞ்சி சுளிச்சேன், அப்புறம்தான் உறைச்சுது. ரூம் சுத்தம், சாம்பார் தண்ணி. 4 ஸ்டார், கொசுவுக்காக ஒண்ணு கொறச்சேன்.