எஞ்சின் விளக்கு எரிந்தால்: ஓட்டுவதா, நிறுத்துவதா, குறியீட்டை அழித்துவிட்டுப் பார்ப்பதா?

டேஷ்போர்டில் எஞ்சின் வடிவ விளக்கு எரியத் தொடங்கியதும் ஓட்டுநரின் முன் மூன்று வழிகள் நிற்கின்றன: பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டலாம், ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழைக்கலாம், அல்லது ஸ்கேனரைச் செருகி, வண்டியின் கணினி பழுதுக்கு அடையாளமாகப் பதிவுசெய்த குறியீட்டை அழித்துவிட்டு, விளக்கு திரும்ப எரிகிறதா என்று பார்க்கலாம். இவற்றில் எது சரி என்பதை ஸ்கேனரில் தெரியும் குறியீடே முடிவு செய்யும் என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கணிப்பில் குறியீட்டுக்கு மூன்றாம் இடம்தான். விளக்கின் நிறமும் அது எரியும் விதமும் முதலில். வண்டியின் ஓட்டத்தில் தெரியும் மாற்றம் அடுத்து. அவற்றுக்குப் பிறகே குறியீடு.

எரிவது எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கல்ல, ஆயில் அழுத்தத்துக்கோ வெப்பநிலைக்கோ உரிய சிவப்பு விளக்கு என்றால் ஒப்பிடவே ஒன்றுமில்லை. ஆயில் அழுத்த விளக்கு எரியும் நிலையில் எஞ்சினை ஓடவிட்டால், கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அறுந்து, சில நிமிடங்களுக்குள்ளாகவே எஞ்சின் பிடித்துக்கொள்ளக்கூடும். வெப்பநிலை விளக்கை அலட்சியம் செய்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும். "பணிமனை பக்கத்தில்தானே இருக்கிறது" என்ற வாதம் இவ்விரண்டிலும் எடுபடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பல கார்களில் ஆயில் அழுத்த விளக்கை ஒரு எளிய சுவிட்ச் மட்டுமே இயக்குவதால், விளக்கு எரிந்தாலும் ஸ்கேனரில் எந்தக் குறியீடும் பதிவாகாமல் இருக்கலாம். திரை காலியாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்து வண்டியை எடுப்பவர்களின் எஞ்சின்தான் நடுவழியில் நிற்கிறது.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கில்தான் உண்மையான தேர்வு எழுகிறது. அது நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டுச் சிமிட்டுகிறதா என்பதே அங்கு கேட்க வேண்டிய முதல் கேள்வி. சிமிட்டும் விளக்குக்குப் பொருள் ஒன்றுதான்: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சேதப்படுத்தும் அளவுக்கு எஞ்சின் மிஸ் ஆகிறது, அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போகிறது. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி ஆங்காங்கே மிஸ் ஆகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. ஐடிலிங்கில் ஸ்டியரிங் அதிர்வதும், மேட்டில் ஏறும்போது பிக்கப் விழுவதும், சைலன்சர் முனையில் எரியாத பெட்ரோல் வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், பயன்படாத ஆக்சிஜனோடு சேர்ந்து கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் கண்ணறைகள் உருகி அடைத்துக்கொள்கின்றன. பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோதான். ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் கெடுவதோ பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்ட, வண்டியிலேயே விலை கூடிய பாகங்களுள் ஒன்று. ஆகவே விளக்கு சிமிட்டினால் உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்த வேண்டும். சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிந்தால் அருகிலுள்ள பணிமனைவரை மெதுவாகப் போகலாம். நிற்காவிட்டால் இழுவை வண்டிதான் மலிவான வழி.

நிலையாக எரியும் விளக்கில் தொடர்ந்து ஓட்டுவதன் பக்கமே பெரும்பாலும் எடை கூடுகிறது. எரிபொருள் ஆவி கசிவதைச் சொல்லும் பி0455 போன்றவற்றுக்குப் பெட்ரோல் மூடி சரியாக மூடப்படாததே காரணமாக இருக்கலாம். அதை இறுக்கிய பிறகு சில ஓட்டங்களில் விளக்கு தானாகவே அணைந்துவிடும். பி0128 வந்தால், கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்று எஞ்சின் சூடேறத் தாமதமாகிறது என்று கொள்ளலாம். கூலண்ட் அளவைச் சரிபார்த்துவிட்டு, அவசரமின்றிப் பணிமனைக்குப் போகலாம். எரிபொருளோடு கலக்கும் காற்றின் விகிதம் மிகுந்துவிட்டதைக் காட்டும் பி0171 சற்றே வேறு ரகம். இன்று நன்றாக ஓடும் வண்டி நாளை மிஸ் ஆகத் தொடங்கலாம் என்பதால் அதை நாள்கணக்கில் தள்ளிப்போடலாம், மாதக்கணக்கில் கூடாது. இந்தப் பொது விதிக்கு ஒரு முக்கிய விலக்கு பி0335. விளக்கு நிலையாகத்தான் எரியும், வண்டியும் சாதாரணமாக ஓடக்கூடும். ஆனால் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரின் சமிக்ஞை அறுந்தால் எஞ்சின் சட்டென நின்றுவிடக்கூடும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

தவறாகப் படிக்கப்படும் குறியீடுகளில் முதலிடம் பி0420க்குத்தான் கொடுக்க வேண்டும். இதைப் பார்த்ததும் கன்வர்ட்டரை மாற்றச் சொல்பவர்கள் ஏராளம். கணினி உண்மையில் செய்வது ஓர் ஒப்பீடு மட்டுமே. பல கார்களில் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் அளவு வேகமாக ஏறி இறங்கும். பின்னால் இருப்பதன் அளவு ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கணினி ஊகிக்கிறது. புகைக்குழாயில் ஒரு கசிவோ, பின் சென்சாரின் கோளாறோ அதே ஊகத்தை உண்டாக்கக்கூடும். கன்வர்ட்டர் உண்மையிலேயே செத்திருந்தாலும், அதைக் கொன்றது மிஸ் ஆகும் எஞ்சினா, ஆயில் எரிக்கும் எஞ்சினா என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். எஞ்சினின் இழுக்கும் திறன் குறையாதவரை இந்தக் குறியீட்டோடு சில வாரங்கள் ஓட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. அது குறைந்தால் கன்வர்ட்டர் அடைபட்டிருக்கலாம், அப்போது தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது வழியான அழித்துவிட்டுப் பார்ப்பதுதான் மூன்றிலும் கவர்ச்சியானது. பழுதைக் கண்டறிவதற்கு முன் செய்தால் அதுவே மூன்றிலும் மோசமானது என்பது என் முடிவு. குறியீடு பதிவான கணத்தில் எஞ்சினின் சுழற்சி வேகம், வண்டியின் வேகம், கூலண்ட் வெப்பநிலை, எஞ்சின் மீதான சுமை ஆகியவற்றைக் கணினி ஒரு சட்டகமாகச் சேமித்து வைத்திருக்கிறது. மெக்கானிக்கின் தேடலைப் பாதியாகக் குறைக்கும் அந்தத் தகவல் ஒரு பொத்தானை அழுத்தியதும் போய்விடுகிறது. அதோடு, கணினி தன்னைத்தானே சோதித்து முடித்த பதிவுகளும் அழிவதால், புகைச் சோதனையில் அவற்றைப் பார்க்கும் இடங்களில் வண்டி தேறாது. பல பழுதுகள் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும் என்பதால், அழித்த மறுநாள் விளக்கு எரியாதிருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. பேட்டரி முனையைக் கழற்றி மாட்டுவதும் இதே அழிப்புதான். கணினி கற்று வைத்திருந்த ஐடிலிங் அளவுகளும் அதில் போகக்கூடும். பழுது பார்த்த பிறகு, சரியாயிற்றா என்று உறுதிசெய்ய அழிப்பது வேறு விஷயம். அது முறையான வேலை. எப்படியானாலும் அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஃபோனோடு இணையும் சிறிய புளூடூத் கருவி போதுமா என்றால், பெரும்பாலும் போதும். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஓபிடி எனும், வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் முறையில் 16 முனை கொண்ட செருகி பொதுவானது. எழுத்தை அடுத்து 0 வரும் குறியீடுகள் பொதுவானவை என்பதால் மலிவான கருவியும் அவற்றைப் படித்துவிடும். 1 வந்தால் பொருள் தயாரிப்பாளருக்கேற்ப மாறும், அங்கே பணிமனையின் ஸ்கேனர் தேவைப்படலாம்.

இழுவை வண்டியைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட காரையோ, நான்கு சக்கரமும் இயங்கும் காரையோ, இயக்கச் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால், எஞ்சின் நிற்கும்போது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாததால் அது தேய்ந்து கெடக்கூடும். எனவே வண்டியை முழுவதுமாக ஏற்றிச் செல்லும் தட்டை லாரியைத்தான் அழைக்க வேண்டும்.